சின்னஞ்சிறு சட்டையின் உட்புறம்

(நமது ஆலயப் பொன்விழாவையொட்டி, பங்கின் தையல் வகுப்பினர் அமைத்த குழந்தை உடைக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் அன்புமிக்க சகோதர சகோதரிகளே, தையல் வகுப்பின் தாய்மார்களே, அருட்சகோதரிகளே, வருங்காலத்தில் இந்த உடைகளையெல்லாம் அழுக்காக்கப்போகும் சின்னஞ்சிறு செல்வங்களே!



விழாக் குழுவினர் நம்மை ஊசியையும் நூலையும் பற்றிப் பேசச் சொன்னபோது நாம் சற்றுத் தயங்கினோம். திருப்பலி, செபம், திருமறை என்றால் பேசலாம். பின்னலைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? குருமடத்தில் சேர்ந்தபோது கொண்டுவரச் சொன்ன பொருள்களின் பட்டியலில் ஓர் ஊசியும், வெள்ளை நூற்கண்டு ஒன்றும், கறுப்பு நூற்கண்டு ஒன்றும் இருந்தன. அங்கியில் பொத்தான் அறுந்தால் நாமே தைத்துக்கொள்ள வேண்டும். நாம் தைத்த பொத்தான் அடுத்த ஞாயிறு வரை நின்றால் அது புதுமை! அந்த அளவோடு நம் தையற்கலை நின்றுவிட்டது.

ஆனால் தையல் தெரியாத ஒருவனுக்கும் தைத்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் பேறு உண்டு. இந்தப் பங்கில் இருந்த ஆண்டுகளில் நம் தாய்மார்களிடம் நாம் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இதோ இந்த மேசைகளைப் பாருங்கள். கம்பளி நூலில் பின்னிய குல்லாக்கள், ஸ்வெட்டர்கள், காலுறைகள். மல் துணியில் தைத்த ஜப்லாக்கள். பூவேலை செய்த கவுன்கள். தொட்டிலுக்கு விரிக்கும் ஒட்டுத்துணி விரிப்புகள். கண்ணுக்கு விருந்து! வருகிறவர்கள் எல்லாரும் கையிலெடுத்து, "எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். நாம் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். எந்த உடையைக் கையிலெடுத்தாலும் அதை ஒரு தடவை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். அழகு பார்ப்பவர்கள் நாம். நாம் வெளியே இருக்கிறோம். குழந்தை வாழ்வதோ உள்ளே. அதன் தோல் தொடுவது உட்புறத்தை. அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை நாம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பிஞ்சு விரல் ஏறக்குறைய போகவிருந்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கண்காட்சியைத் திறந்துவைப்பது நேர்மையாகாது.

நமது பங்கு மலைப் பங்கு. நீலகிரியின் மார்கழிக் குளிரை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். நம் மக்களில் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்தத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளில் கம்பளி உடுப்பையும் மடித்து வைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கொழுந்து பறித்த கை வீட்டுக்கு வந்து ஊசியைப் பிடிக்கும். அப்படித்தான் நம் தையல் வகுப்பு தொடங்கியது. கன்னியர் மடத்துக் கூடத்தில் மூன்று தையல் மெஷின்கள். வாங்குப் பலகையில் பின்னல் ஊசிகளோடு எட்டு, பத்துப் பெண்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, அந்த ஆண்டு பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஓர் உடைத் தொகுப்பு கொடுப்போம் என்று நாம் பீடத்திலிருந்து அறிவித்துவிட்டோம். குல்லா ஒன்று, கையுறை ஒரு சோடி, காலுறை ஒரு சோடி. மதம் பார்க்க வேண்டாம், எல்லா லைன் வீடுகளுக்கும் கொடுப்போம் என்றும் சொல்லிவிட்டோம். கைதட்டல் பலமாக இருந்தது. கணக்குப் பார்த்தால் அறுபது தொகுப்புகள் வேண்டும். இருந்ததோ மூன்று வாரம்.

தினமும் மாலையில் நாம் அந்தக் கூடத்து வாசலில் போய் நிற்போம். "எத்தனை முடிந்தது? இன்னும் எத்தனை?" என்று கேட்போம். நம் வகுப்பில் மூத்தவரான ஒரு பாட்டி மட்டும் ஒரு நாள் தலையை நிமிர்த்தாமல், "சாமி, பிள்ளைக்குப் போடுற உடுப்பு, அவசரத்துக்குத் தைக்க ஏலாது" என்றார். நாம் சிரித்துக்கொண்டே, "பாட்டி, இயேசு பாலன் டிசம்பர் 25-ஐத் தள்ளிப்போட மாட்டாரே!" என்றோம். எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை.

குறித்த நாளில் அறுபது தொகுப்புகளும் வீடு வீடாய்ப் போய்ச் சேர்ந்தன. புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

திருக்குடும்ப விழா முடிந்த மூன்றாம் நாள். ஐந்து வாரக் குழந்தை ஒன்று இரவெல்லாம் வீறிட்டு அழுதிருக்கிறது. வயிற்று வலி என்று ஓம நீர் கொடுத்திருக்கிறார்கள். உரம் விழுந்துவிட்டது என்று ஒருவர் எடுத்துவிட்டிருக்கிறார். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். அழுகை நிற்கவில்லை. விடிந்ததும் சுகாதாரச் செவிலியர் வந்தார். குழந்தையை முழுவதும் அவிழ்த்தார். கடைசியாகக் கையுறையைக் கழற்றினார். உள்ளே வெட்டாமல் விட்டிருந்த நூலிழை ஒன்று மோதிர விரலில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. நூல் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. செவிலியர் சற்றும் தாமதிக்காமல் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே நூலை வெட்டி எடுத்தார்கள். இறைவன் அருளால் விரல் பிழைத்தது.

மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தாயின் தலைமுடி, கையுறை காலுறையின் தளர்ந்த நூல், இவை பச்சிளங் குழந்தையின் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் விபத்து அவர்கள் நன்கு அறிந்ததே. உடனே கண்டால் ஒன்றும் இல்லை. காணாமல் விட்டால் விரலையே இழக்க நேரிடும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அது அழும், அவ்வளவுதான். விரல் கையுறைக்குள் மறைந்திருப்பதால் பார்ப்பவர்க்கும் தெரியாது.

அந்தத் தாயின் முன் போய் நின்றபோது நம்மிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நூலை வெட்ட நேரம் கொடுக்காதவர் நாமே. மூன்று வாரம் என்று நாள் குறித்தவரும் நாமே. "பாட்டி சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்ற ஒரே எண்ணம் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அன்று மாலையே வகுப்பைக் கூட்டினோம். அறுபது சோடிக் கையுறைகளையும் திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று. பெண்கள் இருவர் இருவராகத் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். நாமும் நடந்தோம். கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு வெட்கம் என்பதை அன்று அறிந்தோம். ஐம்பத்தொன்பது சோடிகள் கிடைத்தன. ஒரு குடும்பம் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டது. யார் யாரையோ பிடித்துத் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, இரண்டு நாள் கழித்துப் பேசினோம். "அதை நாங்க போடவே இல்லை சாமி, இங்கே வெயில்" என்றார் அந்தக் குழந்தையின் தகப்பன். அந்தச் சொல் நம் காதில் திருப்பாடல் போல் ஒலித்தது!

பாட்டி அந்தக் கையுறைகளை எல்லாம் மடியில் குவித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவற்றுள் தளர்ந்த நூல் இருந்தவை பதினொன்று. அன்று முதல் நம் வகுப்பில் கையுறை தைப்பதில்லை. குழந்தை முகத்தைக் கீறிக்கொள்ளுமே என்று கேட்பவர்களிடம், நகத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்கிறோம். காலுறை பின்னினால் இழைகளின் முனைகளை வெளிப்புறமாகவே முடிந்து, பின்னலுக்குள் செருகி, ஒட்ட வெட்டுகிறோம். பிறந்த குழந்தைக்குத் தைக்கும் சட்டைக்குத் தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரலாம்; உட்பக்கம் வழவழப்பாய் இருக்க வேண்டும். பார்ப்பவர்கள், "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களே" என்று சொல்லட்டும். பாதகமில்லை.

அன்புத் தாய்மார்களே, உட்புறத்தைப் பார்க்கத் தொடங்கியபின் நம் வகுப்பினர் வேறு பலவற்றையும் பார்க்கத் தொடங்கினார்கள். அவற்றுள் முக்கியமான சிலவற்றைச் சொல்லுகிறோம். வீட்டில் தைப்பவர்கள் மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, கழுத்து. பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 34 சென்டிமீட்டர். மார்புச் சுற்றளவு அதைவிட ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறைவு. பெரியவர்களுக்கு அளவெடுப்பதுபோல் மார்பை மட்டும் அளந்து தைத்தால் சட்டை தலையில் நுழையாது. தலைவழியே திணித்தால் குழந்தை பயந்து அலறும். எனவே முன்புறமோ பின்புறமோ முழுதும் திறக்கும்படி தையுங்கள். அல்லது தோளில் திறப்பு வையுங்கள். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கழுத்துக் கண்ணிகளை இறுக்கமாக முடிக்காதீர்கள்.

இரண்டாவது, கயிறு. கழுத்தில் நாடா கோத்துக் குஞ்சம் தொங்கவிட்டால் அழகுதான். தவழும் பிள்ளை, ஓடும் பிள்ளை எங்கேனும் மாட்டிக்கொண்டால் அதே நாடா சுருக்குக் கயிறாகிவிடும். அமெரிக்க நாட்டில் சறுக்கு மரங்களிலும் வண்டிக் கதவுகளிலும் சட்டைக் கயிறு சிக்கிப் பல பிள்ளைகள் இறந்ததால், குழந்தை உடைகளின் கழுத்தில் இழுகயிறு வைக்க வேண்டாம் என்று 1996-இல் அந்நாட்டு அரசின் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதலே வெளியிட்டது. நமக்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? குல்லாவின் நாடாவையும் குழந்தை தூங்கும்போது கட்டிவைக்காதீர்கள்.

மூன்றாவது, பொத்தானும் ஊக்கும். எதையும் வாயில் போடும் வயது அது. பொத்தான் தைத்தால் இழுத்துப் பார்த்துத் தையுங்கள். மணிகளும் ஜிகினாவும் வேண்டவே வேண்டாம். ஊக்கு குத்தி மூடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். துணி நாடாவால் பக்கவாட்டில் கட்டலாம்.

நான்காவது, அந்துருண்டை. இது பலருக்குத் தெரியாது. மூத்த பிள்ளையின் கம்பளி உடைகளைப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்து, அடுத்த பிள்ளை பிறந்ததும் அப்படியே எடுத்துப் போடுகிறோம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. யாருக்கு அந்தக் குறை உண்டென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே குழந்தை உடைப் பெட்டியில் அந்துருண்டை கூடாது. துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து வையுங்கள்.

ஐந்தாவது, சூடு. குளிர் நாட்டில் இருக்கிறோம் என்று குழந்தையைக் கம்பளிக்குள் புதைத்துவிடக் கூடாது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. ஆகவே பிறந்தவுடன் தலை மூடுவது நல்லது. ஆனால் குழந்தையின் மார்பும் கழுத்தும் வியர்த்திருந்தால் உடை மிகுதி என்று பொருள். தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978-ஆம் ஆண்டு எட்கர் ரெய் என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாகத் தோல் படும்படி அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அது நடக்கிறது. அந்தக் குழந்தைக்கு மேல் சட்டை கூட வேண்டியதில்லை. குல்லா, காலுறை, இடுப்பில் துணி, அவ்வளவே. ஆக, எவ்வளவு நல்ல கம்பளியானாலும் தாயின் மார்புக்கு அடுத்த இடம்தான் அதற்கு!

இதையெல்லாம் கேட்டு, "சாமி நம்மைப் பயமுறுத்துகிறாரே, பேசாமல் கடையில் வாங்கிவிடலாம்" என்று யாரேனும் நினைக்கலாம். கடையில் வாங்குவது குற்றமே அல்ல. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் திருப்பூரில் நல்ல பருத்திப் பின்னலாடை மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சிறு ஸ்வெட்டர் பின்ன எத்தனை மாலைப் பொழுதுகள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் கடை விலையைப்போல் பலமடங்கு ஆகும். அப்படியானால் ஏன் பின்ன வேண்டும்?

இதற்குப் பழைய ஏற்பாட்டில் ஒரு தாய் பதில் வைத்திருக்கிறாள். பிள்ளையில்லாமல் அழுது மன்றாடிய அன்னா, பிறந்த மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்தில் ஆண்டவருக்கென்று விட்டுவிட்டு வந்தாள். ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவனோடு போகும்போது, அவனுக்கு ஒரு சிறு மேலாடை செய்து எடுத்துச் செல்வாள் என்று திருமறை கூறுகிறது. நாம் குருமடத்தில் இந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்தோம். ஆனால் நம் தையல் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி எந்தப் பேராசிரியரும் கேட்காதது. "சாமி, ஒரு வருசமா பார்க்காத பிள்ளைக்கு அந்தம்மா எப்படி அளவெடுத்திருப்பாங்க?" என்றாள்.

எண்ணிப் பாருங்கள்! சென்ற ஆண்டு பார்த்த பிள்ளை இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான்? இடுப்பு வரை வந்தவன் மார்பு வரை வந்திருப்பானோ? அக்கம்பக்கத்தில் அதே வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்திருப்பாளோ? கொஞ்சம் நீளமாகவே தைத்து, கீழே மடித்து வைத்திருப்பாளோ? அந்த ஆடையின் ஒவ்வொரு தையலும் அருகில் இல்லாத பிள்ளையை மனத்தால் அளந்து பார்த்த தையல். அதைக் கடையில் வாங்க முடியாது. இன்று நம் பங்கில் பேரப்பிள்ளை கோவையிலும் திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, இங்கே அமர்ந்து பின்னிக்கொண்டிருக்கும் பாட்டிமார் எத்தனை பேர்! அவர்கள் எல்லாரும் அன்னாவின் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை வளரும் வேகமும் சாமானியமல்ல. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தை ஓராண்டில் 75 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதனால்தான் நம் மூத்த தாய்மார் கவுனின் அடியில் இரண்டு மூன்று மடிப்புத் தையல் வைப்பார்கள். வளர வளர ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிடலாம். அழகுக்கு வைத்ததென்று பார்ப்பவர் நினைப்பார். வறுமைக்கும் வளர்ச்சிக்கும் வைத்தது அது. ஸ்வெட்டரும் அப்படியே. கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னினால், அடியைப் பிரித்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றி, நீளம் கூட்டிக்கொள்ளலாம்.

நம் முன்னோர் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வாழ்ந்து நிறைந்த பாட்டியின் நைந்த சேலை, தாத்தாவின் பழைய வேட்டி, இவற்றைக் கிழித்துத்தான் போர்த்துவார்கள், தூளியும் அதிலேதான். ஆயுள் வளரட்டும் என்ற ஆசி அதில் உண்டு. அறிவும் அதில் உண்டு. நூறு முறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இல்லை, சாய மிச்சமும் இல்லை, முரடும் இல்லை. புதுத்துணியில் தைப்பவர்கள் இரண்டு முறையாவது வெந்நீரில் அலசி, உலர்த்தி, அதன்பின் வெட்டுங்கள். துணி சுருங்குவதும் அதிலேயே முடிந்துபோகும்.

நம் அண்டையில் வாழும் தோடர் குலப் பெண்கள் வெள்ளைப் பருத்திப் போர்வையில் கறுப்பு, சிவப்பு நூலால் பூத்தையல் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதிரி வரைவதில்லை; இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் போர்வையை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். இந்தப் பக்கம் நல்ல பக்கம், அந்தப் பக்கம் மறைக்க வேண்டிய பக்கம் என்ற பேதமே இல்லாமல் செய்திருப்பார்கள். நம் மலையிலேயே இப்படி ஒரு பாடம் இருக்கிறது.

இனி, நாம் சொல்ல வேண்டிய இன்னொரு குற்ற அறிக்கை உண்டு. அதுவும் குழந்தை உடையைப் பற்றியதே.

திருமுழுக்குச் சடங்கில் குழந்தைக்கு வெண்ணாடை அணிவிக்கிறோம். கிறிஸ்துவை அணிந்துகொள்வதன் அடையாளம் அது. 1969-இல் வெளிவந்த குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு நூல், அந்த ஆடையைக் குடும்பத்தாரே கொண்டுவருவது விரும்பத்தக்கது என்று கூறுகிறது. நல்ல எண்ணம். ஆனால் நாம் இப்பங்கிற்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறன்று, வசதியான குடும்பத்துக் குழந்தை ஒன்று வலைத்துணியும் சாட்டினும் முத்தும் வைத்த நீண்ட கவுனில் வந்தது. நாமும் மகிழ்ச்சியில், "சம்மனசு இறங்கி வந்தது போல் இருக்கிறதே!" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டோம்.

அடுத்த சில மாதங்களில் கீழ்த் தோட்டத்தில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குத் தள்ளித் தள்ளிப் போயிற்று. தாய் ஞாயிறு தவறாமல் வருகிறாள். குழந்தையைப் பற்றிக் கேட்டால் தலை குனிகிறாள். ஏழாவது மாதம் அவளுடைய லைன் வீட்டுக்கே போய்க் கேட்டோம். "அன்னைக்கு நீங்க சொன்ன மாதிரி உடுப்பு எங்களால எடுக்க ஏலாது சாமி. கொஞ்சம் சேர்த்துக்கிட்டு வர்றேன்" என்றாள்.

பெருமக்களே, ஒரு தேவதிரவிய அனுமானத்துக்கும் ஒரு பிஞ்சு ஆன்மாவுக்கும் நடுவே ஒரு சாட்டின் கவுன் நின்றது. அதை அங்கே நிறுத்தி வைத்தது குருவானவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்.

அதன்பின் பிறந்ததுதான் ஆலயத்தின் சக்கிறீஸ்துக்குள் இருக்கும் வெண்ணாடை அலமாரி. எல்லாம் ஒரே மாதிரிச் சட்டைகள். மெல்லிய மல் துணி, முன்புறம் திறப்பு, பக்கத்தில் துணி நாடா. திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்கும் யார்க்கும் ஒன்று. திருப்பித் தர வேண்டாம். பணம் உள்ளவர் இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. ஒரு சிறு சிலுவை தைக்க வேண்டும் என்று நாம் விரும்பினோம். மார்பில் வைக்கலாம் என்றோம். நம் பாட்டி மறுத்துவிட்டார். "மார்பில போட்டா உள்ளுக்குள்ள முடிச்சு நெஞ்சுல உரசும். அடி ஓரத்துல போடுவோம்" என்றார். அப்படியே சிலுவை ஓரத்துக்குப் போயிற்று. ஆண்டவர் அதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

அன்று நாம் பாராட்டிய அந்த வசதியான குடும்பத்தாரே தங்கள் இரண்டாம் குழந்தைக்கு அலமாரியிலிருந்து சட்டை எடுத்துக்கொண்டார்கள். நாம் கேட்டுக்கொள்ளாமலே செய்தார்கள். அவர்களுக்கு இங்கே நம் நன்றி. அந்தக் கீழ்த் தோட்டத்துப் பிள்ளை இப்போது பீடச் சிறுவனாய் நமக்குப் பூசை உதவுகிறான். அவனுடைய தாய் இன்று இந்தக் கண்காட்சியில் ஆறு குல்லாக்கள் வைத்திருக்கிறாள்.

முடிக்குமுன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். ஜெர்மனி நாட்டில் மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியர், புக்ஸ்டஹூட நகருக்கருகில் இருந்த கன்னியர் மடத்தின் பீடத்திற்காக ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டில் தீட்டிய படங்களுள் ஒன்று அது. இன்று ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் மரியன்னை நம் வகுப்புப் பெண்களைப்போல் அமர்ந்து நான்கு ஊசிகளை வைத்துக்கொண்டு ஒரு சிறு சட்டை பின்னுகிறார். வட்டமாகப் பின்னுவதால் அந்தச் சட்டைக்குத் தையலே இல்லை. கழுத்து வேலைதான் பாக்கி. குழந்தை இயேசு பக்கத்தில் புத்தகத்தோடு தரையில் இருக்கிறார். இரண்டு வானதூதர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கைகளில் சிலுவையும் ஈட்டியும்.

மரியன்னை காலத்தில் நாம் இன்று அறிந்த ஊசிப் பின்னல் வழக்கில் இல்லை. ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டபோது படைவீரர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப்போட்ட தையலில்லா அங்கி தறியில் நெய்தது என்றே யோவான் எழுதுகிறார். ஓவியர் தம் காலத்துத் தாய்மார் செய்த வேலையை அன்னையின் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் அறிந்திருந்த உண்மை ஒன்று உண்டு. தன் பிள்ளைக்கு வரப்போகும் துன்பத்தை எந்தத் தாயாலும் தடுக்க முடியாது. வானதூதர் கையில் இருக்கும் சிலுவையை அவள் தட்டிவிட முடியாது. அவளால் முடிந்தது, அன்றைய குளிருக்கு ஒரு சட்டை. பிள்ளையின் தோலில் உறுத்தாத, கழுத்தை இறுக்காத, தையலில்லாத ஒரு சட்டை. அதை அவள் முழுமையாய்ச் செய்கிறாள்.

நம்மாலும் அவ்வளவே முடியும். நாம் குழந்தைகளுக்கு என்ன எதிர்காலம் தரப்போகிறோம் என்பது நம் கையில் முழுதும் இல்லை. தேயிலைக்கு விலை கிடைக்குமா, தோட்டம் நிலைக்குமா, பிள்ளைகள் இந்த மலையில் இருப்பார்களா, நாம் அறியோம். ஒரு சட்டையின் உட்புறத்தைச் சரிபார்ப்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நம் வேண்டுகோள் மூன்று. ஒன்று, இன்று இங்கிருந்து எந்த உடையை வாங்கிச் சென்றாலும், குழந்தைக்குப் போடுமுன் திருப்பி, உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறை துவைத்தபின்னும் அப்படியே செய்யுங்கள். இரண்டு, குழந்தை காரணம் தெரியாமல் அழுதால் முதலில் கை விரல், கால் விரல்களை அவிழ்த்துப் பாருங்கள். மூன்று, சனிக்கிழமை மாலை வகுப்பில் இடம் இருக்கிறது. ஆண்களும் வரலாம். பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்ள நாமும் முதல் வரிசையில் அமர்வோம்.

இந்தப் பொன்விழா ஆண்டில் நம்மைவிட மூத்தவரான அந்தப் பாட்டியே இந்தக் கண்காட்சியின் நாடாவை வெட்டுவதுதான் முறை. கத்தரிக்கோலை அவரிடமே கொடுக்கிறோம். நூலின் முனையை ஒட்ட வெட்ட அவருக்குத்தான் தெரியும்.

வாருங்கள் பாட்டி.

இறைவன் உங்கள் அனைவரையும், உங்கள் மடியில் உள்ள குழந்தைகளையும், உங்கள் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.